அசையக்கூடாத இறக்கை



அண்மையில் ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் வேகத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களைக் கவர்வதற்காகப் பந்தய மகிழுந்து ஒன்றின் படத்தை வெண்பலகையில் ஒட்டியிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, வானூர்திக்கு இறக்கை இருப்பது மேலே எழும்புவதற்கு. மகிழுந்துக்கு எதற்கு இறக்கை?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். வானூர்தியின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பொருத்தினால் அது மேலே தூக்காது, கீழே அழுத்தும் என்று விளக்கினேன். அவன் அமரவில்லை. "அப்படியானால் அந்த இறக்கை அசையுமா, அசையாதா ஐயா?" என்றான்.

அசையாது என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். எந்த ஆண்டு என்று சொல்லாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. 1968இல் கேட்டிருந்தால் அசையும் என்பது விடை. 1969க்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கும் மேலாக அசையக்கூடாது என்பது விடை. 2011 முதல் மீண்டும் அசையும். அன்று அவனுக்கு அரைகுறையாக ஒரு பதிலைச் சொல்லி அமர வைத்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இறக்கை எதற்கு என்பதை நன்கு விளங்கிக்கொள்வோம். மகிழுந்து வளைவில் திரும்பும்போது அதனைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பவை நான்கு சக்கரங்கள் மட்டுமே. சக்கரத்தைத் தரையோடு எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிமானம் கிடைக்கும். அழுத்தம் வேண்டுமென்று மகிழுந்தின் எடையைக் கூட்டினால் அந்த எடையே வளைவில் அதனை வெளியே தள்ளும். எடையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட வேண்டும். காற்று அதனைச் செய்து தருகிறது, அதுவும் இலவசமாக. ஆனால் நேர்ச்சாலையில் அதே இறக்கை காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். வளைவில் வேண்டும், நேர்ச்சாலையில் வேண்டாம். இறக்கையை அசைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது இங்கேதான்.

மைக்கேல் மே என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1956ஆம் ஆண்டிலேயே தம் போர்ஷே மகிழுந்தின் மேல் ஓர் இறக்கையைப் பொருத்தி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்திற்குக் கொண்டு சென்றார். அதனோடு பந்தயத்தில் ஓட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1966இல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஹால் தம் செப்பரல் மகிழுந்தின் பின்புறத்தில் இரண்டு உயரமான கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் இறக்கையை நிறுத்தினார். ஓட்டுநர் இடக்காலால் மிதியை அழுத்தினால் இறக்கை தட்டையாகப் படுக்கும், காலை எடுத்தால் நிமிரும். அக்கம்பங்கள் மகிழுந்தின் உடலில் ஊன்றப்படவில்லை. சக்கரங்களைத் தாங்கும் பகுதியில் ஊன்றப்பட்டிருந்தன. காற்றின் அழுத்தம் சுருள்வில்களைக் கடக்காமல் நேரே சக்கரத்திற்குச் சென்றது. அறிவியல் நோக்கில் பார்த்தால் மிகச் சரியான ஏற்பாடு.

1968இல் ஃபார்முலா 1 அணிகளும் இதனைப் பற்றிக்கொண்டன. அவ்வாண்டு ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்திற்கு ஃபெராரியும் பிராபமும் பின் இறக்கையுடன் வந்தன. சில மாதங்களுக்குள் எல்லாரிடமும் இறக்கை முளைத்தது. உயரமான இடத்தில் காற்று கலங்காமல் வரும் என்பதால் கம்பங்கள் நீண்டுகொண்டே போயின. எடை கூடக்கூடாது என்பதால் மெலிந்துகொண்டும் போயின. மெலிந்த கம்பத்தின் மேல் அகன்ற இறக்கை. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டுமென்பதில்லை. காற்று வீசும் நாளில் துணி காயப்போடும் எந்தத் தாயும் சொல்லிவிடுவார்.

1969 மே 4, ஸ்பெயின். பார்சலோனா நகரத்தின் மொன்ட்ஜுயிக் குன்றில், பூங்காவைச் சுற்றிச் செல்லும் சாலைகளில் பந்தயம் நடைபெற்றது. அங்கே சாலை ஓரிடத்தில் மேடாகி இறங்கும். அந்த மேட்டைக் கடக்கும்போது மகிழுந்து சற்றே எழும்பி அமரும். லோட்டஸ் அணியின் கிரகாம் ஹில் அவ்விடத்தைக் கடந்தபோது அவருடைய பின் இறக்கை முறிந்தது. மகிழுந்து தடுப்பில் மோதிச் சிதைந்தது. அவருக்குக் காயமில்லை. பந்தயம் தொடர்ந்தது. சில சுற்றுகள் கழித்து, முன்னணியில் சென்றுகொண்டிருந்த அதே அணியின் ஜோகன் ரின்ட் அதே இடத்திற்கு வந்தார். அவருடைய இறக்கையும் அதே போல் முறிந்தது. ஹில்லின் மகிழுந்து கிடந்த இடத்திலேயே அவருடையதும் சென்று மோதிக் கவிழ்ந்தது. ரின்ட் காயமடைந்தார். அடுத்த பந்தயத்திற்கு அவரால் வர இயலவில்லை.

ரின்ட் சும்மா இருக்கவில்லை. இறக்கைகள் ஓட்டுநருக்கும் பார்வையாளருக்கும் ஆபத்தானவை, அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். தம் அணியின் தலைவர் கோலின் செப்மனுக்கு எதிராகவே அவர் பேச வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டே வாரத்தில், மொனாக்கோவில் வியாழக்கிழமைப் பயிற்சி ஓட்டம் முடிந்த கையோடு, கூட்டமைப்பின் விளையாட்டு ஆணையம் இறக்கைகளுக்குத் தடை விதித்தது. அணிகள் தங்குமிடத்திற்குத் திரும்பி, கம்பங்களை அறுத்து எறிந்தன. இறக்கையில்லாத மகிழுந்தோடு கிரகாம் ஹில் அப்பந்தயத்தில் வாகை சூடினார்.

ரின்டின் கதைக்கு ஒரு துயரமான பின்குறிப்பு உண்டு. 1970 செப்டம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மோன்சா தடத்தில், நேர்ச்சாலை வேகத்திற்காக இறக்கைகள் கழற்றப்பட்ட லோட்டஸ் மகிழுந்தில் பயிற்சி ஓட்டத்தின்போது அவர் உயிரிழந்தார். அவ்வாண்டின் உலக வெற்றியாளர் பட்டம் அவர் மறைந்த பின்னரே அவருக்கு உறுதியானது.

தடை முழுமையாக நீடிக்கவில்லை. அதே 1969ஆம் ஆண்டிலேயே உயரமும் அகலமும் வரையறுக்கப்பட்ட இறக்கைகள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் அவற்றோடு ஒரு விதியும் வந்தது. காற்றோட்டத்தால் பயன்பெறும் எந்தப் பாகமும் மகிழுந்தின் உடலோடு, அதாவது சுருள்வில்கள் தாங்கும் பகுதியோடு, இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அது அசையக்கூடாது. விதியின் சாரம் இவ்வளவுதான். மொன்ட்ஜுயிக் குன்றில் முறிந்த இரண்டு கம்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது.

நான் மொழி ஆசிரியனும்கூட. வகுப்பில் வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணச் சொல்லிக்கொடுப்பவன். இந்த ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் அடுத்த அரை நூற்றாண்டு காலம் உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். "பாகம்" என்றால் எது? "அசைதல்" என்றால் என்ன? "உடல்" என்பது ஒன்றா, பலவா? நம் மாணவர்கள் இவ்வளவு உன்னிப்பாகக் கருத்துணர்தல் கேள்விகளைப் படித்தால் எத்துணை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதலில் "உடல்" என்ற சொல்லுக்கு முன்பாகத் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு தாள்களைச் சிறு இடைவெளி விட்டு முகத்திற்கு முன்னால் தொங்கவிட்டு, நடுவில் ஊதுங்கள். தாள்கள் விலகிப் போகும் என்றுதான் மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். அவை ஒட்டிக்கொள்ளும். குறுகிய வழியில் விரைந்து ஓடும் காற்றின் அழுத்தம் குறைகிறது. மகிழுந்தின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் நடுவே காற்றை இவ்வாறு விரைந்து ஓட வைத்தால் சாலை மகிழுந்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இதனைத் தரை விளைவு என்பர். லோட்டஸ் அணி 1977இல் ஒரு மகிழுந்திலும் 1978இல் அதனினும் சிறந்த மற்றொன்றிலும் இதனைச் செயற்படுத்தியது. பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே புகாமல் இருக்க, மகிழுந்தின் இரு ஓரங்களிலும் தரையைத் தொடும் தடுப்புகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றுக்குப் பாவாடை என்றே பெயர். சாலை மேடு பள்ளத்திற்கேற்ப அப்பாவாடைகள் மேலும் கீழும் நகர்ந்தன. அசையும் பாகம்தானே? ஆம். ஆனாலும் 1980 இறுதி வரை அவற்றை அனுமதித்தார்கள். விதி எப்போதும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை.

லோட்டசின் வேகத்திற்கு விடை காண இயலாமல் திணறிய பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கோர்டன் மரே, 1978இல் செய்த வேலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அவருக்கு வாய்த்த ஆல்ஃபா ரோமியோ இயந்திரம் அகலமானது. அடியில் காற்று ஓட வழி விடாது. எனவே அவர் மகிழுந்தின் பின்புறத்தில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினார். விசிறி மகிழுந்தின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். மகிழுந்து சாலையோடு ஒட்டிக்கொள்ளும். இது முற்றிலும் புதிய எண்ணமன்று. முன்பு சொன்ன ஜிம் ஹால் 1970இலேயே, பனிச்சறுக்கு வண்டியின் இயந்திரத்தால் சுழலும் இரண்டு விசிறிகளோடு ஒரு மகிழுந்தைச் செய்து, அது தடை செய்யப்பட்டதையும் கண்டிருந்தார்.

விசிறி சுழல்கிறது. அசையும் பாகம் கூடாது என்கிறது விதி. எப்படித் தப்புவது? மரே இயந்திரத்தைக் குளிர்விக்கும் கருவியை இயந்திரத்தின் மேல் கிடைமட்டமாகப் படுக்க வைத்தார். விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி அதன் வழியாகச் சென்றது. ஆகவே இவ்விசிறியின் முதன்மை நோக்கம் குளிர்வித்தல், கீழே அழுத்துவது தற்செயலான நன்மை என்பது அணியின் வாதம். விதியின் எழுத்தை வைத்துப் பார்த்தால் வாதம் நிற்கிறது! பணிமனையில் மகிழுந்தை நிறுத்தியபோது விசிறியைக் குப்பைத் தொட்டி மூடியால் மூடி வைத்தார்கள். குளிர்விக்கும் விசிறியை எதற்காக மறைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

1978 ஜூன் 17, சுவீடனின் ஆண்டர்ஸ்டோர்ப் தடம். நிக்கி லௌடா அம்மகிழுந்தை ஓட்டினார். மற்றவர்களை வழுக்க வைத்த எண்ணெய்ச் சிந்தலின் மேல் அது ஒன்றுமே நடவாதது போல் சென்றது. இரண்டாவதாக வந்தவரை 34 வினாடிக்கும் கூடுதலான இடைவெளியில் லௌடா முந்தினார். விசிறி தங்கள் மீது கற்களை வாரி இறைக்கிறது என்று பிற ஓட்டுநர்கள் முறையிட்டனர். பிராபம் அணியின் உரிமையாளர் பெர்னி எக்கல்ஸ்டன் அணிகளின் சங்கத்தையும் வழிநடத்தியவர். சங்கம் உடைவதை அவர் விரும்பவில்லை. மகிழுந்தை விலக்கிக்கொண்டார். விசிறிகள் தடை செய்யப்பட்டன. ஆனால் அந்த வெற்றி பறிக்கப்படவில்லை. அன்றைய விதிப்படி அது வெற்றிதான். ஒரே பந்தயம், ஒரே வெற்றி, அத்தோடு சரி.

பாவாடையில் ஒரு கொடுமை இருந்தது. வளைவின் நடுவில் அது எங்கேனும் சிக்கி மேலேயே நின்றுவிட்டால், காற்று உள்ளே பாய்ந்து அழுத்தம் முழுவதும் நொடியில் மறைந்துவிடும். ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றும் இராது. 1981இல் நகரும் பாவாடைகளைத் தடை செய்து, மகிழுந்துக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். எங்கே அளப்பது? ஓடும் மகிழுந்தின் அடியில் அளவுகோலை நீட்ட முடியுமா? நிற்கும்போதுதான் அளக்க முடியும். மரே இதையும் பிடித்துக்கொண்டார். அவர் செய்த மகிழுந்து நிற்கும்போது 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வேகமெடுத்ததும் காற்றின் அழுத்தத்தால் மெல்ல அமர்ந்து தரையை ஒட்டி ஓடும். பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பி வரும்போது மீண்டும் எழுந்து நிற்கும். அதிகாரி அளப்பார். 6 சென்டிமீட்டர் இருக்கும். ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையும்போது மட்டும் அமைதியாகும் மாணவர்களை நாம் அறியாதவர்களா என்ன!

அதே 1981இல் செப்மன் "உடல்" என்ற சொல்லைக் கையில் எடுத்தார். காற்றுப் பாகங்கள் சுருள்வில் தாங்கும் உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது விதி. உடல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே? அவருடைய லோட்டஸ் 88இல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உடல்கள் இருந்தன. வெளி உடல் காற்றின் அழுத்தத்தை ஏற்றுக் கீழே அமரும். உள் உடல் ஓட்டுநரையும் இயந்திரத்தையும் மென்மையாகத் தாங்கும். கடினமான வில்களால் ஓட்டுநர்கள் உடல் நொந்துகொண்டிருந்த காலத்தில் இது அவர்களுக்கு நன்மை செய்யும் கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம். ஆனால் பிற அணிகள் எதிர்த்தன. பயிற்சி ஓட்டத்தில் ஓடியதோடு சரி, ஒரு பந்தயத்தில்கூட அது போட்டியிடவில்லை. எழுத்தைப் பற்றிக்கொண்டு தப்பிய விசிறிக்கு ஒரு வெற்றி கிடைத்தது. ஓட்டுநருக்கு இதமளித்த இரட்டை உடலுக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனம் சற்று வருந்துகிறது.

1983 முதல் மகிழுந்தின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்றானது. கீழே காற்றுக்கு வழி வெட்டும் வேலை அத்தோடு முடிந்தது.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1994ஆம் ஆண்டு இத்தாலியின் இமோலாவில் நடந்ததை அறியாதவர் குறைவு. ஏப்ரல் 30ஆம் நாள், முன் இறக்கை உடைந்ததால் மகிழுந்தின் கட்டுப்பாட்டை இழந்து ரோலண்ட் ராட்சன்பர்கர் உயிரிழந்தார். மறுநாள் அயர்ட்டன் சென்னா. மகிழுந்துகளின் வேகத்தைக் குறைக்க அவசரமாகப் பல விதிகள் வந்தன. அவற்றுள் ஒன்று, அடிப்பகுதியின் நடுவில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகை. மகிழுந்தைத் தரையோடு மிகத் தாழ்த்தினால் பலகை தேயும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் தகுதி நீக்கம். எளிய மரத்துண்டு, ஆனால் ஓடும்போதும் அளந்துகொண்டே இருக்கும் அளவுகோல். மரே ஏய்த்த அந்த 6 சென்டிமீட்டர் விதிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழி என்று இதனைச் சொல்லலாம். ஆகஸ்டு 28இல் ஸ்பாவில் முதலில் வந்த மைக்கேல் ஷூமாக்கர், பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் வெற்றியை இழந்தார். தடத்தின் ஓரத்தில் உரசியதால் தேய்ந்தது என்ற அணியின் விளக்கம் எடுபடவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1999 அக்டோபர் 17, செப்பாங். மலேசியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். நுழைவுச்சீட்டு வாங்கப் பணமில்லை. விடுதியின் பொது அறையில் ஒரே தொலைக்காட்சி, அதன் முன் நாற்பது பேர். ஜூலையில் சில்வர்ஸ்டோனில் கால் முறிந்த ஷூமாக்கர் ஆறு பந்தயங்களுக்குப் பிறகு அன்றுதான் திரும்பி வந்தார். தம் ஃபெராரி அணித்தோழர் எடி இர்வைனை முன்னே விட்டு, பின்னால் வந்த மிக்கா ஹக்கினனை மறித்து மறித்து ஓட்டினார். இர்வைன் முதலிடம், ஷூமாக்கர் இரண்டாமிடம், ஹக்கினன் மூன்றாமிடம். நாங்கள் கைதட்டி முடித்து உணவுக்குச் சென்றோம். திரும்பி வந்தால் வெற்றியாளர் மாறியிருந்தார்.

பந்தயத்திற்குப் பிந்திய சோதனையில், முன்சக்கரங்களுக்குப் பின்னால் செங்குத்தாக நின்று காற்றைத் திருப்பிவிடும் பலகைகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று கண்டார்கள். கீழிருந்து நேராக மேலே நோக்கினால் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள் வரையறுத்த தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பது தட்டை அடிப்பகுதி விதியின் ஒரு கிளை. பலகையின் மேற்பகுதியை அதன் அடி விளிம்பு மறைக்க வேண்டும். அடி விளிம்பு 10 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது என்றார்கள். ஒரு விரலின் அகலம்கூட இல்லை! இரண்டு ஃபெராரிகளும் தகுதி நீக்கம். பந்தயத்திற்கு முன் ஹக்கினனிடம் 62 புள்ளிகள், இர்வைனிடம் 60. தகுதி நீக்கம் நிலைத்தால் ஹக்கினன் 72, இர்வைன் 60. எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு பந்தயம், அதன் வெற்றிக்குப் பத்தே புள்ளிகள். ஆக, உலக வெற்றியாளர் யார் என்பது செப்பாங் பணிமனையில் ஓர் அளவுகோலால் முடிவானது போலிருந்தது.

ஃபெராரியின் தொழில்நுட்பத் தலைவர் ரோஸ் பிரான் முதலில் அந்த 10 மில்லிமீட்டர் வேறுபாட்டை மறுக்கவில்லை. பின்னர் பாரிசில் மேல்முறையீடு. அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. செப்பாங்கில் அளந்த முறை போதிய துல்லியமுடையதன்று. முறையாக அளந்தால் வேறுபாடு விதி தரும் 5 மில்லிமீட்டர் சலுகைக்குள் அடங்குகிறது என்று நீதிபதிகள் கூறினர். வெற்றி திரும்பக் கிடைத்தது. இர்வைன் 70, ஹக்கினன் 66. ஆனால் அக்டோபர் 31இல் ஜப்பானின் சுசுகாவில் ஹக்கினன் வென்று, 76க்கு 74 என்ற கணக்கில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அணிகளுக்கான பட்டம் 1983க்குப் பிறகு முதன்முறையாக ஃபெராரிக்குக் கிடைத்தது.

அன்று விடுதியில் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டோம். பணபலம் வென்றது என்றனர் ஒரு சாரார். அளவு தவறினால் தவறுதான், ஸ்பாவில் ஷூமாக்கருக்குக் காட்டாத இரக்கத்தை இப்போது ஏன் காட்ட வேண்டும் என்றனர். நானும் அக்கட்சிதான். இத்தனை ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய பிறகு எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஸ்பாவில் பலகையின் தடிமனை எவர் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். செப்பாங்கில் சாய்வாக நிற்கும் பலகையை எப்படி நிறுத்தி, எங்கிருந்து அளப்பது என்பதைப் பொறுத்து விடை மாறியது. அளக்கும் முறை உறுதியாக இல்லாதபோது அளவை மட்டும் காட்டி ஒருவரின் ஓராண்டு உழைப்பைப் பறிப்பது முறையா என்று இன்று கேட்பேன். நண்பர்கள் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.

மீண்டும் அசையாமைக்கு வருவோம். 2006இல் ரெனோ அணி தன் மகிழுந்தின் மூக்குப் பகுதிக்குள் வில்லில் தொங்கும் ஓர் எடையை வைத்திருந்தது. மகிழுந்தின் குலுங்கலை அது தணித்தது. காற்று அதனைத் தொடுவதே இல்லை. ஆனாலும் குலுங்கல் தணிந்தால் காற்றோட்டம் சீராகிறது, எனவே அது அசையும் காற்றுப் பாகம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 1969இல் விதியை எழுதியவர்கள் கனவிலும் எண்ணியிராத பொருள் இது.

2010இல் மக்லாரன் அணி இதற்குப் பழி வாங்கியது போல் ஒன்றைச் செய்தது. மகிழுந்தின் முன்புறத்திலிருந்து பின் இறக்கை வரை ஒரு காற்றுக் குழாய். ஓட்டுநர் தம் முழங்காலால் குழாயின் ஒரு துளையை மூடினால் காற்று வேறு வழியே சென்று இறக்கையின் தடையைக் குறைக்கும். மகிழுந்தில் எந்தப் பாகமும் அசையவில்லை. அசைந்தது ஓட்டுநரின் கால். ஓட்டுநர் மகிழுந்தின் பாகமா? புல்லாங்குழல் வாசிப்பது போன்ற இந்த உத்தியைப் பிற அணிகளும் பார்த்துச் செய்தன. சிலர் கையால் துளையை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினார்கள். ஆண்டு முடிவில் அதுவும் தடை.

அடுத்த ஆண்டே, 2011இல், இறக்கையை அசைக்க விதியே வழிவிட்டது. முன்னால் செல்பவரை ஒரு வினாடிக்குள் நெருங்கியவர், குறிப்பிட்ட நேர்ச்சாலையில் மட்டும், பொத்தானை அழுத்திப் பின் இறக்கையின் மடலைத் திறக்கலாம். டி.ஆர்.எஸ். என்று வழங்கப்பட்ட ஏற்பாடு இது. பந்தயத்தில் முந்துவது அரிதாகிவிட்டது, பார்வையாளர்கள் சலிப்படைகிறார்கள் என்பது காரணம். செப்பாங்கிலும் 2017இல் நடந்த கடைசிப் பந்தயம் வரை அம்மடல்கள் திறந்து மூடியதை நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். 2022இல் தரை விளைவும் முறைப்படி திரும்பி வந்தது. 2026ஆம் ஆண்டு விதிகளின்படி முன் இறக்கை, பின் இறக்கை இரண்டுமே அசையலாம். நேர்ச்சாலையில் படுக்கும், வளைவில் நிமிரும். ஜிம் ஹாலின் இடக்கால் மிதி 60 ஆண்டுகள் கழித்து வென்றது.

அசையக்கூடாத மற்ற பாகங்களின் மீது கண்டிப்பு தளரவில்லை. இவ்வுலகில் முற்றிலும் வளையாத பொருள் ஏது? ஆகவே இறக்கையின் மேல் எடையை ஏற்றி எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். முன் இறக்கையின் இரு பக்கமும் 100 கிலோ ஏற்றினால் 15 மில்லிமீட்டர் வரை வளையலாம் என்றிருந்ததை, 2025 ஜூன் 1ஆம் நாள் நடந்த ஸ்பானியப் பந்தயம் முதல் 10 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அப்பந்தயம் நடந்த தடம் பார்சலோனா நகரத்தின் பெயரைத் தாங்கியது. ரின்டின் இறக்கை முறிந்த மொன்ட்ஜுயிக் குன்று அந்நகரத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் படித்து முடித்தபின், அந்த மாணவனை ஓய்வு நேரத்தில் அழைத்து மீதிப் பதிலைச் சொன்னேன். நஞ்சை மீ ஹூன் பொட்டலத்தைப் போல் ஆர்வமாகப் பிரித்துக்கொண்டே கேட்டான் என்று எழுத ஆசைதான். உண்மையில் கையில் மீ ஹூன் பொட்டலத்தோடுதான் கேட்டான். முடித்ததும், "அன்று முறிந்தது என்றுதானே தடை செய்தார்கள்? இன்று மட்டும் முறியாதா ஐயா?" என்றான்.

டி.ஆர்.எஸ். விதியில் இடம்பெற்றிருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அசைக்கும் கருவி பழுதானால் மடல் தானாகவே மூடிய நிலைக்கு, அதாவது அழுத்தம் மிகுந்த நிலைக்கு, திரும்பிவிடும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். பழுதானால் வேகம் குறையும், பிடிமானம் குறையாது. 1968இல் அப்படியொரு வாக்கியம் எவர் விதிநூலிலும் இல்லை.

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்த மடலை எப்படிச் செய்வார்கள் என்று வரைந்து காட்டச் சொன்னான். மணி அடித்துவிட்டது. படத்தை இன்னும் வரைந்து கொடுக்கவில்லை.